ஆடு புலி ஆட்டம்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், கோடு போடும்போதே பாதிப் பேருக்குச் சண்டை வந்துவிடுகிறது. காட்பாடியில் ஒரு மாதிரி, குடியாத்தத்தில் ஒரு மாதிரி, ஆற்காட்டில் வேறு மாதிரி என்று வீட்டுக்கு வீடு விதி மாறுகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் ஐந்தாறு கேள்வி புதியவர்களுக்கு. ஆடத் தெரிந்தவர்கள் நடுவிலிருந்து படித்தாலும் போதும், ஆனால் புள்ளி எண்களை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடு புலி ஆட்டம்னா இன்னா? ரெண்டு வரியில சொல்லுங்க.

ஒருவர் 3 புலி, இன்னொருவர் 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டப் பார்க்கும்; ஆடுகள் சேர்ந்து 3 புலியையும் நகர முடியாமல் அடைக்கப் பார்க்கும். தாயக்கட்டை, சோழி எதுவும் கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை. தோற்றால் எந்த இடத்தில் தவறு செய்தோம் என்று திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

காய்க்கு எதை வெச்சுக்கிறது? கடையில வாங்கணுமா?

வேண்டாம். ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை, புலிக்கு 3 கருங்கல் ஜல்லி. அவ்வளவுதான் செலவு. ஜல்லி புளியங்கொட்டையை விடப் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். உருண்டைக் கல்லாக இருந்தால் கை பட்டதும் வேறு புள்ளிக்கு உருண்டுவிடும், பிறகு எங்கே இருந்தது என்று வாக்குவாதம். சோடா மூடியைப் புலியாக வைப்பவர்களும் உண்டு, நன்றாகவே இருக்கும்.

கோடு எப்படிப் போடறது? ஒவ்வொரு வாட்டியும் தப்பா வருது.

கடப்பா கல் பதித்த திண்ணையோ சிமென்ட் தரையோ கிடைத்தால் சாக்பீஸில் போடலாம். முதலில் அடிக்கோடு 12 அங்குலம் இழுத்து, 4 அங்குலத்துக்கு ஒரு குறி வையுங்கள்: இரண்டு முனை, நடுவில் இரண்டு, ஆக 4 குறி. அடிக்கோட்டின் நடுவுக்கு நேர் மேலே 18 அங்குலத்தில் உச்சிப் புள்ளி. உச்சியிலிருந்து 4 குறிக்கும் 4 இறங்கு கோடு. இப்போது கூடாரம் மாதிரி இருக்கும்.

உச்சியிலிருந்து கீழே 8, 11, 14 அங்குலத்தில் 3 படுக்கைக் கோடு. ஒவ்வொன்றும் 14 அங்குல நீளம்; கூடாரத்துக்கு இரு பக்கமும் சமமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாக அந்த முனைகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள்.

போட்டு முடித்ததும் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். 23 வர வேண்டும். 19 வந்தால் இறங்கு கோடு ஒன்று குறைகிறது. அதில் 18 காய் வைத்தால் ஒரே ஒரு இடம்தான் காலி, ஆடவே முடியாது. 17 வந்தால் படுக்கைக் கோடு ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 23-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: படுக்கைக் கோட்டை வெளியே போதுமான அளவு நீட்டாததால், பக்கக் கோடு கூடாரத்தின் ஓரத்தை வெட்டிப் புதுப் புள்ளி உண்டாக்கியிருக்கும்.

புள்ளிக்கு நம்பர் எதுக்கு? நாங்க இது வரைக்கும் போட்டதே இல்ல.

ஆடுவதற்குத் தேவையில்லை, பேசுவதற்குத் தேவை. "அந்த ஓரத்துல இருக்கிற ஆடு" என்று சொன்னால் எந்த ஓரம் என்று கேட்பார்கள். உச்சி 1. முதல் படுக்கைக் கோடு இடமிருந்து வலமாக 2 முதல் 7. இரண்டாவது 8 முதல் 13. மூன்றாவது 14 முதல் 19. அடிக்கோடு 20 முதல் 23.

இறங்கு கோடுகள் நான்கும் இப்படி வரும்: 1-3-9-15-20, 1-4-10-16-21, 1-5-11-17-22, 1-6-12-18-23. பக்கக் கோடுகள் 2-8-14, 7-13-19. ஒரு தாளில் வரைந்து எண் போட்டு பக்கத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் விளங்கும்.

முதல்ல யாரு ஆடணும்? புலி எங்க நிக்கணும்?

புலிகளை 1, 4, 5-இல் வைத்துத் தொடங்குவது ஒரு நல்ல வழக்கம்: ஒன்று உச்சியில், இரண்டு அதன் நேர் கீழே. ஆட்டுக்காரர் முதல் ஆட்டை வைப்பார். அடுத்து ஒரு புலி, கோட்டு வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு ஒரு அடி நகரும். பிறகு ஒரு ஆடு, பிறகு ஒரு புலி. 15 ஆடும் வைத்து முடியும்வரை, வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. முடிந்ததும் ஆடும் புலியைப் போலவே ஒரு அடி நகரலாம்.

புலி எப்படி வெட்டும்?

பக்கத்துப் புள்ளியில் ஆடு, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலி என்றால், புலி ஆட்டைத் தாண்டிக் காலிப் புள்ளியில் குதிக்கும். தாண்டப்பட்ட ஆடு வெளியே. உதாரணமாக 4-இல் புலி, 3-இல் ஆடு, 2 காலி: வெட்டு. 2-இல் ஆடு இருந்தால் வெட்ட முடியாது. கோடு வளைகிற இடத்தில் குதிக்கக் கூடாது. படுக்கைக் கோட்டில் கிளம்பி இறங்கு கோட்டில் இறங்குவதும் கூடாது.

இந்த ஆட்டத்தில் புதியவர்கள் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும். அவர்கள் கண் புலி மேலேயே இருக்கிறது. பார்க்க வேண்டியது ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியை.

ஆடு வைக்கிற நேரத்துலயே புலி வெட்டலாமா? எங்க ஆயா கூடாதுன்றாங்க.

வெட்டலாம் என்று ஆடினால்தான் ஆட்டத்துக்கு உயிர். வைக்கும் 15 முறையும் யோசித்து வைக்க வேண்டியதாகிறது. சிறு பிள்ளைகளோடு ஆடும்போது ஆயா சொல்கிற மாதிரி, எல்லா ஆட்டையும் வைத்த பிறகே வெட்டு என்று தளர்த்திக்கொள்ளலாம், தவறில்லை. தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள்.

வெட்டுப்பட்ட ஆட்டை மறுபடி கொண்டாந்து வைக்கலாமா?

கூடாது. கையில் இருப்பது மொத்தமே 15. போனது போனதுதான்.

வெட்ட வாய்ப்பு இருந்தா வெட்டியே ஆகணுமா? ஒரே தாவுல ரெண்டு மூணு ஆடு வெட்டலாமா?

கட்டாயம் இல்லை. வெட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தால் புலி விட்டுவிடலாம். அது புலிக்காரரின் உரிமை. தொடர் வெட்டு சில வீடுகளில் உண்டு. நாங்கள் ஒரு முறைக்கு ஒரு வெட்டு என்பதையே சொல்வோம். தொடர் வெட்டு வைத்தால் ஒரு சின்னக் கவனக்குறைவுக்கு 3 ஆடு போய், அங்கேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

உச்சியில நிக்கிற ஆட்டை எப்படி வெட்றது?

வெட்ட முடியாது. உச்சியைத் தாண்டிப் போக நேர்கோடு கிடையாது. அங்கே எல்லாக் கோடும் முடிகிறது. அதே காரணத்தால் 2, 7, 14, 19, 20, 23 ஆகிய 6 மூலைகளிலும் ஆட்டை வெட்ட முடியாது. ஆக 23-இல் 7 புள்ளி, ஆட்டுக்கு நிரந்தரப் பட்டி. உச்சியைத் தொடக்கத்தில் புலி பிடித்திருப்பதால் மீதி 6 கையில் இருக்கிறது.

புலி உச்சியை விட்டு இறங்கினால் அங்கே ஒரு ஆட்டை வைக்கப் பாருங்கள். அந்த ஒரே ஆடு 3, 4, 5, 6 நான்குக்கும் இறங்கு கோட்டில் துணையாக நிற்கும்.

எங்க வெச்சாலும் வெட்டிடுது. ஆட்டை எந்த வரிசையில வைக்கிறது?

முதல் ஆட்டை 3, 6, 10, 11-இல் வைத்தால் புலி அடுத்த ஆட்டத்திலேயே வெட்டும். அந்த நான்கை மறந்துவிடுங்கள்.

ஒரு ஆடு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே கணக்கு: அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு கோட்டிலும், அதன் இரு பக்கத்தில் ஒரு பக்கமாவது ஆடு இருக்க வேண்டும், அல்லது கோடு அங்கேயே முடிய வேண்டும். இந்தக் கணக்கை வைத்து இடது கீழ் மூலையிலிருந்து சுவர் எழுப்புகிற மாதிரி வையுங்கள்: முதலில் 14, அடுத்து 20. இரண்டும் பட்டி. பிறகு 15: படுக்கைக் கோட்டில் 14 துணை, இறங்கு கோட்டில் 20 துணை. பிறகு 21, அதற்கு 20 துணை. பிறகு 16, அதற்கு 15-ம் 21-ம். இப்படியே 22, 17 என்று வலப்பக்கம் போகலாம். அல்லது 8, 9, 10 என்று மேலே ஏறலாம். ஒவ்வொரு ஆடும் வைத்த நொடியிலேயே பத்திரம்.

புலியும் சும்மா இருக்காது, நீங்கள் வைக்க நினைத்த புள்ளியில் வந்து உட்காரும். அப்போது பதறி அதன் பக்கத்திலேயே வைக்காமல், எதிர் மூலையில் 19, 23 என்று இன்னொரு சுவரைத் தொடங்குங்கள். நடுவில் நிற்கிற புலி ஒன்றுக்கு இரண்டு மூலையையும் காவல் காக்க முடியாது.

நடுக்கட்டத்துல ஆடு வைக்கவே கூடாதா அப்போ?

நான்காகச் சேர்ந்து வைத்தால் தாராளமாக வைக்கலாம். 3, 4, 9, 10 என்ற சின்னக் கட்டத்தின் நான்கு முனையிலும் ஆடு வைத்துப் பாருங்கள். 3-க்குப் படுக்கைக் கோட்டில் 4 துணை, இறங்கு கோட்டில் 9 துணை. 4-க்கு 3-ம் 10-ம். 9-க்கு 3-ம் 10-ம். 10-க்கு 4-ம் 9-ம். மூன்று புலியும் சுற்றி நின்றாலும் ஒரு ஆட்டைத் தொட முடியாது. பலகையில் எந்தச் சின்னக் கட்டத்துக்கும் இது பொருந்தும்.

ஆபத்து எப்போது என்றால், மூன்று வைத்து நான்காவது வைப்பதற்குள். புலி அந்த நான்காவது முனையில் வந்து நின்றால் பக்கத்து இரண்டு ஆடும் ஒரே நேரத்தில் அதன் வாயில். அதனால் ஏற்கெனவே துணையுள்ள ஆடுகளோடு ஒட்டியே புதுக் கட்டத்தைத் தொடங்குங்கள்.

ரெண்டு புலிக்கு நடுவுல மாட்டின ஆடு செத்த ஆடுதானே?

பிழைத்த ஆடு. 9-இல் ஒரு புலி, 11-இல் ஒரு புலி, நடுவில் 10-இல் ஆடு என்றால் எந்தப் புலியும் குதித்து இறங்க இடமில்லை. புலி புலியைத் தாண்டாது. 4-10-16 என்ற இறங்கு கோட்டை மட்டும் பாருங்கள். நடுவில் மாட்டியதும் புலிக்காரர் வெட்டிவிட்டதாகவே கை நீட்டுவார். மேலே சொன்ன வெட்டு விதியை நினைவூட்டுங்கள்.

ஒரு புலியைக் கட்ட எத்தினி ஆடு வேணும்?

புலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பக்கத்துப் புள்ளியை அடைத்தால் மட்டும் போதாது. அதைத் தாண்டி இறங்கும் புள்ளியையும் அடைக்க வேண்டும். மூலை 2-இல் நிற்கும் புலிக்கு 3, 4, 8, 14 ஆக 4 ஆடு போதும். பக்கக் கோட்டின் நடுவான 8-இலும் 4 ஆடுதான்: 2, 14, 9, 10. அடிக்கோட்டில் 21 என்றால் 5. 3-இல் நின்றால் 6. 10 மாதிரி நட்டநடுவிலோ உச்சியிலோ நின்றால் 8 ஆடு கேட்கும்.

மூன்று புலியும் மூன்று மூலையில் தனித்தனியாக மாட்டினாலும் 12 ஆடு போதும். புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டால் இன்னும் குறைவு. 2, 8, 14 என ஒரே பக்கக் கோட்டில் மூன்றும் நின்றால் 3, 4, 9, 10, 15, 16 என்ற 6 ஆட்டிலேயே ஆட்டம் முடிந்தது.

எத்தினி ஆடு வெட்டினா புலி ஜெயிச்சதா அர்த்தம்?

வீட்டுக்கு வீடு மாறும் விதி இதுதான். ஐந்து என்று வைத்துக்கொள்ளச் சொல்வோம். காரணம் முந்தைய கணக்கிலேயே இருக்கிறது: 5 போனால் மீதி 10. தனித்தனி மூலையில் நிற்கும் 3 புலியை அடைக்க அது பெரும்பாலும் பற்றாது. புலிக்காரர் தானாகத் தவறு செய்தால்தான் ஆடு ஜெயிக்கும். அதற்கு மேல் இழுப்பதில் சுவை இல்லை.

15 ஆடும் உயிரோட வெச்சிட்டேன். நகர்த்த ஆரம்பிச்சதும் மளமளன்னு போகுது. ஏன்?

ஒரு ஆடு நகரும்போது, அது யாருக்குத் துணையாக இருந்ததோ அந்த ஆடு அநாதையாகிறது. மேலே சொன்ன 3, 4, 9, 10 கட்டத்தில் 4-ஐ 5-க்கு நகர்த்தினால், 2-இல் நிற்கும் புலி 3-ஐ வெட்டிவிடும். போகிற இடத்தைப் பார்க்கிறோம், விட்டுவந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

15 ஆடும் உயிரோடு இருந்தால் பலகையில் காலி 5 புள்ளிதான். நகர்த்தாமல் இருக்கவும் முடியாது. அதனால் வைக்கும்போதே ஒரு "சும்மா ஆடு" வைத்துக்கொள்ளுங்கள். 2-இல் ஒரு ஆடு அசையாமல் நிற்கட்டும். இன்னொன்று 14-க்கும் 8-க்கும் போய்வரட்டும். 14 பட்டி, 8-க்கு வந்தால் 2 துணை. இரண்டு இடத்திலும் அதை வெட்ட முடியாது. நல்ல நகர்வு இல்லாத நேரத்தில் இந்த ஆட்டை ஆட்டிக்கொண்டு, புலிக்காரரையே முதலில் இடம் மாற வைக்கலாம்.

வேணும்னே ஒரு ஆட்டைப் பலி குடுக்கலாமா?

கணக்குத் தெரிந்தால் கொடுக்கலாம். 3, 4, 9, 10-இல் ஆட்டுக் கட்டம் இருக்கிறது, 8-இல் ஒரு ஆடு, 14-இல் புலி, 2 காலி, கையில் இன்னும் 2 ஆடாவது பாக்கி என்று வைத்துக்கொள்வோம். புலி 8-ஐ வெட்டி 2-இல் குதிக்கும். நீங்கள் 14-இல் ஒரு ஆடு வையுங்கள். இப்போது அந்தப் புலிக்கு ஒரே வழி, 8. அது 8-க்கு இறங்கினால் 2-இல் ஆடு வையுங்கள்: 2, 14, 9, 10 நான்கும் அடைபட்டு, புலி 8-இல் மாட்டியது. இறங்காமல் வேறு புலி நகர்ந்தால் 8-இல் ஆடு வையுங்கள்: 3, 4, 8, 14 அடைபட்டு, 2-இல் மாட்டியது.

ஒரு ஆட்டைக் கொடுத்து ஒரு புலியை வாங்கியாயிற்று. பார்க்க வேண்டிய ஒரே விஷயம், மற்ற இரண்டு புலியில் ஒன்று 15-இல் நிற்கக் கூடாது. நின்றால் நீங்கள் 14-இல் வைப்பதற்கு முன் அது அங்கே வந்துவிட வாய்ப்பில்லைதான், உங்கள் முறைதான் முதலில்; ஆனால் அது அங்கேயே நின்று உங்கள் கட்டத்தைத் தடவிக்கொண்டே இருக்கும், அவசரத்தில் கை தவறும்.

புலி பக்கம் ஆடறவங்க எதைப் பார்த்து ஆடணும்?

முதலில், சீக்கிரம் வெட்டுங்கள். ஒவ்வொரு ஆடு வைக்கும்போதும் காலி இடம் ஒன்று குறைகிறது. கடைசியில் குதிக்க இடமே இருக்காது. இரண்டாவது, ஒரே நேரத்தில் இரண்டு மிரட்டல் கொடுங்கள். 10-இல் புலி நின்று, 9-இலும் 11-இலும் ஆடு இருந்து, 8-ம் 12-ம் காலியென்றால், எதிராளி ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அல்லது ஒரே ஆட்டை இரண்டு கோட்டில் மிரட்டுங்கள்: 9-இல் ஆடு, 10-இலும் 3-இலும் புலி, 8-ம் 15-ம் காலி. ஒன்றை அடைத்தால் மற்றது திறந்திருக்கும்.

மூலைக்குப் போகாதீர்கள், வெட்டக் கிடைத்தால்கூட ஒரு கணம் நின்று யோசித்துப் போங்கள். 10, 11, 16, 17 இந்த நடுப் புள்ளிகளில் இரண்டு புலி, உச்சிக்குப் பக்கத்தில் ஒன்று என்று பிரிந்து நிற்பது நல்லது. ஆட்டுக்காரர் கட்டம் கட்டுவது தெரிந்தால் நான்காவது முனையில் போய் உட்காருங்கள்.

புலி முன்னும் பின்னும் போய்க்கிட்டே இருந்தா ஆட்டம் முடியவே முடியாதே?

ஒரே நிலை 3 முறை திரும்ப வந்தால் சமன் என்று முன்பே பேசிவையுங்கள்.

சித்தூர் பக்கத்துல இதுக்கு வேற பேரு சொல்றாங்களே, அது வேற ஆட்டமா?

அதே குடும்பம். தெலுங்கில் புலி மேக்க என்றும் புலி ஜூதம் என்றும் சொல்வார்கள். மேக்க என்றால் ஆடு. 1911 வரை சித்தூர் வட்டாரம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டு மொழியும் பேசும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய, ஆட்டமும் இரண்டு பெயரில் நடக்கிறது.

நேபாளத்தில் ஆடும் பாக் சால் கொஞ்சம் வேறு. அங்கே 5-க்கு 5 ஆக 25 புள்ளி, மூலைவிட்டக் கோடுகளும் உண்டு, 4 புலி நான்கு மூலையில் தொடங்கும், 20 ஆடு, 5 வெட்டினால் புலி வெற்றி. இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் அந்த ஆட்டம் சமனில் முடியும் என்று கணினி வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த முடிவை நம் 23 புள்ளிப் பலகைக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது. கோடும் வேறு, காய்க் கணக்கும் வேறு.

எங்க வீட்ல எப்பவும் புலிதான் ஜெயிக்குது. இது சமமான ஆட்டமா?

புதியவர்கள் இருவர் ஆடினால் புலி ஜெயிப்பது சகஜம். புலிக்கு ஒரு நல்ல நகர்வு போதும். ஆட்டுக்குப் பதினைந்தும் சரியாக அமைய வேண்டும். சுவர் வரிசையும் நான்காட்டுக் கட்டமும் பழகிவிட்டால் நிலைமை மாறும்.

பந்தயமாக ஆடினால் இரண்டு ஆட்டமாக ஆடுங்கள், பக்கம் மாறி. இருவருமே புலியாக இருக்கும்போது ஜெயித்தால், எத்தனையாவது நகர்வில் 5-வது ஆட்டை வெட்டினார் என்று பாருங்கள். குறைந்த நகர்வில் முடித்தவருக்கு வெற்றி. இருவருமே ஆடாக ஜெயித்தால், குறைவாக ஆடு இழந்தவருக்கு. நகர்வை எண்ணுவதற்குச் சுவரோரமாகச் சாக்பீஸில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்துக்கொண்டே வாருங்கள்; மனதில் எண்ணினால் பத்தாவது நகர்விலேயே தப்பிவிடும்.